பதிக்கும் முன் கல்லுக்குப் பத்திரம்: ஒரு புளூ ஜாகர் வைரத்தின் மதிப்பீடும் காப்பீடும்

பழைய தோட்டிலிருந்து வைரத்தைக் கழற்றிப் புது நகையில் பதிக்கக் கொடுக்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கல் கையில் தனியாக இருக்கும் அந்தக் கொஞ்ச காலத்தை வீணாக்காதீர்கள். பதித்துவிட்டால் அதைத் தராசில் போட முடியாது. அளவெடுத்து எடையை ஊகிக்கத்தான் முடியும். மஞ்சள் தங்கம் தன் சாயலைக் கல்லுக்குள் ஏற்றிவிடுவதால் நிறத்தையும் துல்லியமாகச் சொல்ல முடியாது. கல்லின் ஓரத்தில் இருக்கும் குறைப் புள்ளி, கல்லைப் பற்றியிருக்கும் உலோகப் பிடிக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். எங்கள் வீட்டுக் கல்லுக்காக ஓர் ஆய்வகம், ஒரு மதிப்பீட்டாளர், ஒரு காப்பீட்டு பாலிசி என்று மூன்று சேவைகளைப் பயன்படுத்தினேன். ஆய்வகத்துக்கு முழு மதிப்பெண் தருவேன். மதிப்பீட்டாளருக்குக் கொஞ்சம் குறைவு. காப்பீட்டைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

கல் என் அப்பத்தாவுடையது. ஒற்றைக்கல் தோட்டின் ஜோடியில் எனக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று. காரைக்குடியில் வாங்கிய ரசீதில் ‘புளூ ஜாகர், 95 சென்ட்’ என்று எழுதியிருக்கிறது. ‘ஜாகர்’ என்ற பெயருக்குக் காரணமான தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தை 1971-லேயே மூடிவிட்டார்கள்; ஆனாலும் நம்மூரில் நல்ல வைரம் என்றால் இன்றும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள். வெயிலில் பிடித்தால் உள்ளே ஒரு நீலம் ஓடும். பின்பக்கம் மூடிய குளோஸ் செட்டிங் என்பதால் கல்லின் அடிப்பாகத்தை எங்கள் வீட்டில் யாருமே பார்த்ததில்லை. பத்தர் எங்கள் கண்ணெதிரே கழற்றிக் கழுவி எடை போட்டார்: 0.91 கேரட். ஒரு கேரட் என்பது 200 மில்லிகிராம், அதாவது 100 சென்ட். ரசீதுக்கும் தராசுக்கும் நான்கு சென்ட் வித்தியாசம். கட்டோடு இருந்த கல்லைப் பார்த்து ஊகித்து எழுதிய எடை என்றால் இப்படித்தான் இருக்கும்.

என் மகனுக்கு நிச்சயமாகியிருக்கிறது. வரப்போகும் மருமகளுக்கு இந்தக் கல்லை மோதிரமாகக் கட்டிப் போட வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் ஆய்வகம். வைரங்களைத் தரம் பார்க்கும் அமெரிக்க நிறுவனமான ஜிஐஏ-வின் மும்பை ஆய்வகத்துக்கு ஒரு நகைக்கடை மூலமாக அனுப்பினேன். கொடுக்கும்போது கவரின் மேல் எடையையும் அளவையும் எழுதி, கடைக்காரரும் நானும் கையெழுத்துப் போட்டோம். வழியில் தொலைந்தால் யாருடைய காப்பீடு பொறுப்பு என்பதையும் ரசீதிலேயே எழுதி வாங்கினேன். வாயால் சொல்வது இதில் உதவாது.

ஜிஐஏ-வில் இரண்டு வகை அறிக்கை உண்டு. சிறிய கற்களுக்கு நிறையப் பேர் வாங்குவது டோசியர். அதில் கல்லுக்குள் இருக்கும் புள்ளிகளின் வரைபடம் வராது. முழு கிரேடிங் ரிப்போர்ட்டில் வரும். பரம்பரைக் கல்லுக்கு முழு அறிக்கையையே வாங்குங்கள். எந்தப் புள்ளி கல்லின் எந்தப் பட்டைக்கு அடியில் இருக்கிறது என்று வரைந்து தருகிறார்கள். அதுதான் கல்லின் அடையாளம். கூடவே கர்டில் எனப்படும் இடுப்பு விளிம்பில் அறிக்கை எண்ணை லேசரால் பொறிக்கச் சொன்னேன். அப்பத்தா கல்லில் எழுத்துப் பொறிக்கலாமா என்று தங்கைக்கு மனசு கேட்கவில்லை. கண்ணுக்குத் தெரியாது, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில்தான் தெரியும் என்று விளக்கிய பிறகு சரி என்றாள்.

அறிக்கை வந்தது. இயற்கை வைரம். பழைய ஐரோப்பிய வெட்டு, அதாவது இக்கால வட்ட வெட்டுக்கு முன் வழக்கில் இருந்த முறை. கீழ்நுனி கூராக இல்லாமல் சின்னத் தட்டையாக இருக்கிறது. நிறம் ஹெச் (கிட்டத்தட்ட நிறமற்றது), சுத்தம் விஎஸ்2 (லென்ஸில் பார்த்தால் தெரியும் மிகச் சிறிய புள்ளிகள்), புறஊதா ஒளியில் கல் மின்னும் ஒளிர்வு ‘ஸ்ட்ராங் ப்ளூ’, அதாவது பலமான நீலம். வெட்டுக்குத் தரம் போடவில்லை. இக்கால வட்ட வெட்டுக்கு மட்டும்தான் ஜிஐஏ அந்தத் தரம் போடும் என்பதால் இதைக் குறையாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. எடையில் அவர்கள் காட்டும் கண்டிப்பு கணக்கு டீச்சரான எனக்கு ரொம்பப் பிடித்தது. மூன்றாவது தசம இடம் ஒன்பதாக இருந்தால்தான் மேலே ஏற்றுவார்கள். 0.998 என்றால் 0.99 கேரட்தான், 0.999 இருந்தால்தான் ஒரு கேரட். ஒரு கேரட்டைத் தொட்டதும் விலை தாவுகிற உலகத்தில் இந்தக் கண்டிப்பு அவசியம்.

கடைகளில் கல்லின் மேல் வைத்துப் பார்க்கும் பேனா டெஸ்டரை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். சாதாரண டெஸ்டர் வெப்பம் எவ்வளவு வேகமாகக் கடக்கிறது என்பதைத்தான் பார்க்கிறது. ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் வைரமே என்பதால் அதற்கும் அது பச்சை விளக்குதான் காட்டும். விலையிலோ இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

அறிக்கையில் விலை என்று ஒரு வரிகூட இருக்காது. கல் இன்னது என்று சொல்வதோடு ஆய்வகத்தின் வேலை முடிந்துவிடுகிறது. விலை சொல்ல மதிப்பீட்டாளரிடம் போக வேண்டும். செல்வ வரிச் சட்டம் 34ஏபி பிரிவின்கீழ் பதிவு பெற்றவராகப் பாருங்கள். செல்வ வரியை 2015-ல் எடுத்துவிட்டாலும், அந்தப் பதிவு உள்ளவரின் சான்றிதழைத்தான் காப்பீட்டு நிறுவனத்தார் என்னிடமும் கேட்டார்கள். நான் போனவர் சென்னை என்.எஸ்.சி. போஸ் சாலையை ஒட்டிய சந்தில் ஒரு மாடியறையில் இருக்கிறார். கல்லைக் கையில் வாங்கும் முன்பே கேட்டார்: “எதுக்கும்மா மதிப்பீடு? விக்கவா, பாகம் பிரிக்கவா, இன்ஷூரன்ஸுக்கா?”

அந்தக் கேள்விக்காகவே அவரை மற்றவர்களுக்குச் சொல்லலாம். விற்கப் போனால் கையில் கிடைக்கும் தொகை வேறு. அக்கா தங்கைக்குள் பிரிக்கும்போது வைக்கும் மதிப்பு வேறு. தொலைந்தால் அதே மாதிரிக் கல்லை இன்று கடையில் வாங்கத் தேவைப்படும் பணம் வேறு. நகைக்கு மூன்று சதவீத ஜிஎஸ்டியும் அதில் சேரும். காப்பீட்டுக்கு இந்தக் கடைசித் தொகைதான் வேண்டும். கட்டணத்தை அவர் கல்லின் மதிப்பில் சதவீதமாகக் கேட்கவில்லை, ஒரே தொகை. கல்லை விலைக்குக் கேட்கவும் இல்லை. மதிப்பு போடுகிறவரே ‘எனக்குக் கொடுங்களேன்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

நீலத்தைப் பற்றி அவரோடு நடந்த பேச்சை மறக்க முடியாது. புறஊதா விளக்கின் கீழ் வைத்தார். அப்பத்தா காதில் நான் பார்த்த கல் அப்படியே ஊதா நீலமாக எரிந்தது. “மும்பைல இதுக்கு விலையைக் குறைப்பாங்கம்மா. இங்க இதுக்குன்னே தேடி வருவாங்க” என்றார். உண்மைதான். பலமான நீல ஒளிர்வு உள்ள கல்லுக்கு, நல்ல நிற வரிசையில் இருந்தால், உலகச் சந்தையில் தள்ளுபடி கேட்பது வழக்கம். ஆனால் ஒளிர்வால் கல்லின் தோற்றம் பொதுவாகக் கெட்டுப்போவதில்லை என்று ஜிஐஏ ஆய்வே 1997-ல் வெளியாகியிருக்கிறது. மிகப் பலமாக ஒளிரும் சில கற்களில் மட்டும் பால் போன்ற மங்கல் வருவதுண்டு. எங்கள் கல்லில் அது இல்லை. நம் பெண்களோ தலைமுறை தலைமுறையாக அந்த நீலத்துக்காகவே கூடுதல் பணம் கொடுத்திருக்கிறார்கள்.

அப்படியானால் எந்தச் சந்தையின் விலையை எழுதுவது? தொலைந்தால் மாற்றுக் கல்லை நான் எங்கே வாங்குவேன்? சென்னையில் அல்லது காரைக்குடியில், புளூ ஜாகர் என்று கேட்டுத்தான் வாங்குவேன். ஆகவே அந்த விலைதான் நியாயம் என்றேன். அவர் ஒத்துக்கொண்டார், ‘பழைய வெட்டு, பலமான நீல ஒளிர்வு, உள்ளூர்ச் சில்லறை மாற்று மதிப்பு’ என்று சான்றிதழில் விளக்கமாகவே எழுதினார். இப்படி எழுதாமல் வெறும் ‘ஒரு வைரம், 0.91’ என்று இருந்தால், நாளைக்கு யாராவது ஒரு புது வெட்டுக் கல்லின் விலையைக் காட்டிப் பேரம் பேசலாம்.

குறை என்றால், சான்றிதழில் கல்லின் புகைப்படம் தபால்தலை அளவுக்குத்தான் இருந்தது. மேலிருந்து எடுத்த ஒரே படம். பக்கவாட்டிலும் அடியிலும் எடுத்துச் சேர்க்கச் சொல்லி நான்தான் கேட்க வேண்டியிருந்தது. அதற்குத்தான் மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

இனி காப்பீடு. “வீட்டுக்குள்ள இருக்கற எல்லாமே கவர் ஆயிடும் மேடம்” என்றார் வந்த முகவர். பாலிசி வாசகத்தை வாங்கிப் படித்தேன். 2021 ஏப்ரலிலிருந்து வீடுகளுக்கு எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி வழங்கும் பாரத் கிருஹ ரக்ஷாவில், நகையில் பதிக்காத விலையுயர்ந்த கற்கள் விலக்கப்பட்டவை. காப்பீடு செய்த பொருட்களைப் பட்டியலிடும் பாலிசி அட்டவணையில் வெளிப்படையாகக் குறிப்பிட்டிருந்தால்தான் சேரும். அதாவது, எந்த நாட்களில் கல் மிகச் சுலபமாகத் தொலையுமோ அந்த நாட்களில் அதற்குக் காப்பு இல்லை.

இது நம் வீடுகளில் சின்ன விஷயமே இல்லை. வைரம் ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கச் சில நாட்கள் வீட்டில் வைத்திருக்கிற வழக்கம் நமக்கு இருக்கிறது. தாளில் மடித்து, பூஜையறையிலோ பீரோவிலோ வைத்துவிடுகிறோம். வழக்கத்தை விடச் சொல்லவில்லை. அந்த நாட்களுக்கும் கல்லை அட்டவணையில் பெயர் சொல்லிச் சேர்க்க முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். நான் கேட்டேன், ஒரு நிறுவனம் மறுத்தது, இன்னொன்று ஆய்வக அறிக்கையையும் மதிப்பீட்டையும் வாங்கிக்கொண்டு சேர்த்தது. இரண்டு காகிதமும் இல்லையென்றால் அந்தப் பேச்சே எழுந்திருக்காது.

இதே பாலிசியில் கவனிக்க வேண்டியது இன்னும் இரண்டு. நகைக்குக் கூடுதல் காப்பு எடுத்தால் ஒப்புக்கொண்ட மதிப்பு என்ற முறையில் தருகிறார்கள்; இது நல்ல அம்சம், இழப்பு நேர்ந்த பிறகு விலையைப் பற்றிச் சண்டை போட வேண்டாம். மொத்தம் ஐந்து லட்சத்துக்குள், ஒரு பொருள் ஒரு லட்சத்துக்கு மேல் போகாமல் இருந்தால் மதிப்பீட்டுச் சான்றிதழும் தேவையில்லை. எங்கள் கல் அந்த வரம்பைத் தாண்டியது. ஆனால் அடிப்படைப் பாலிசியில் திருட்டு என்பது, தீயோ வெள்ளமோ போன்ற காப்பீடு செய்த நிகழ்வின் விளைவாக ஏழு நாட்களுக்குள் நடக்கும் திருட்டுதான். பூட்டை உடைத்து வருகிறவனுக்குத் தனியாகக் காப்பு எடுக்க வேண்டும். விரலில் போட்டுக்கொண்டு வெளியே போகும் மோதிரத்துக்கு, ‘ஆல் ரிஸ்க்’ (விலக்கியவை தவிர மற்ற எல்லா இழப்புக்கும் காப்பு) என்ற நகைப் பிரிவு உள்ள ஹவுஸ்ஹோல்டர் பாலிசியைத்தான், அதாவது வீட்டுக்கான தொகுப்புப் பாலிசியைத்தான், பார்க்க வேண்டும். அதிலும் கல் மட்டும் பிடியிலிருந்து கழன்று விழுந்தால் கிடைக்குமா என்று தனியாகக் கேளுங்கள்.

லாக்கரில் வைத்தால் போதும் என்கிறவர்களுக்கு: 2022 ஜனவரி முதல் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, தீ, திருட்டு, கொள்ளை, ஊழியர் மோசடி போன்றவற்றால் இழப்பு ஏற்பட்டால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரைதான். 3,000 ரூபாய் வாடகை என்றால் மூன்று லட்சம். லாக்கருக்குள் இருப்பதை வங்கி காப்பீடு செய்வதும் இல்லை.

பதிக்கக் கொடுத்த இடத்திலும் இதே கேள்விகள். கடைக்காரர்கள் எடுக்கும் ஜுவல்லர்ஸ் பிளாக் பாலிசியில் வாடிக்கையாளர் பொருளும் சேருமா என்று கேட்டேன். சேரும் என்று காட்டினார்கள். ஆனால் வேலை நடந்துகொண்டிருக்கும்போது, அந்த வேலையாலேயே ஏற்படும் சேதம் அந்த வகைப் பாலிசிகளில் வழக்கமாக விலக்கு. வைரம் கடினமானதுதான், ஆனால் சில திசைகளில் அடி பட்டால் பிளந்துவிடும். பிடியை அழுத்தி மடக்கும்போது விளிம்பு உடைவது நடக்கிற விஷயம். அதனால் வேலையில் சேதமானால் மதிப்பீட்டுச் சான்றிதழில் உள்ள தொகைக்குக் கடை பொறுப்பு என்று ஒப்படைப்புச் சீட்டில் எழுதித் தரச் சொன்னேன். முதலாளி தயங்கினார். பிறகு உட்காரவைத்துக் காபி கொடுத்து எழுதிக் கொடுத்தார். கல்லின் எடை, அறிக்கை எண், விளிம்பில் ஏற்கனவே உடைசல் எதுவும் இல்லை என்ற குறிப்பு, எல்லாம் அந்தச் சீட்டில் இருக்கிறது.

குளோஸ் செட்டிங் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆறு கால் பிடி, பின்பக்கம் திறந்த கட்டு. பொறித்த எண் இரண்டு கால்களுக்கு நடுவில் வரும்படி கல்லைத் திருப்பி வைக்க வேண்டும் என்பது என் நிபந்தனை. மோதிரம் வந்த அன்று கடையிலேயே லென்ஸ் வாங்கி எண்ணைப் படித்து, அறிக்கையோடு ஒத்துப்பார்த்த பிறகுதான் பாக்கிப் பணத்தைக் கொடுத்தேன். பதித்த நகைக்கு மதிப்பீட்டாளரிடம் தங்க எடையும் கூலியும் சேர்த்து ஒரு துணைச் சான்றிதழ் வாங்கிக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பினேன். அட்டவணையில் இப்போது ‘தனி வைரம்’ என்ற வரி போய், மோதிரம் என்ற வரி வந்திருக்கிறது. தங்கையும் தன் கல்லை அடுத்த மாதம் கழற்றுகிறாள். அவளையும் அதே மதிப்பீட்டாளரிடம்தான் அனுப்பப்போகிறேன், மூன்று பக்கப் புகைப்படத்தை முதலிலேயே கேட்டு வாங்கச் சொல்லி.