கன்சாஸ் வாங்கிய 26 லட்சம் டாலர் சிக்கன அறிக்கை: கொடுத்த காசுக்குத் தகுமா?

வீண் செலவை ஒழித்தால் போதும், மாநில வரியைக் குறைத்துவிடலாம் என்பது அமெரிக்க ஆளுநர்கள் பலர் தேர்தலுக்குத் தேர்தல் சொல்வது. அந்த வீண் செலவு எங்கே இருக்கிறது என்று தேடித்தர ஆலோசனை நிறுவனங்கள் உண்டு. கன்சாஸ் சட்டமன்றம் 2015இல் அல்வாரெஸ் அண்ட் மார்சல் நிறுவனத்தை அமர்த்தியது. கட்டணம் சுமார் 26 லட்சம் டாலர். 2016 தொடக்கத்தில் கைக்கு வந்தது 105 பரிந்துரைகள் கொண்ட தடித்த அறிக்கை. ஐந்து ஆண்டுகளில் சுமார் 204 கோடி டாலர் பலன் கிடைக்கும் என்றது கணக்கு.

தனித்தனியாக எடுத்தால் பரிந்துரைகளில் பல உருப்படியானவை. அந்த 204 கோடியைத்தான் அப்படியே நம்பக் கூடாது. வரி குறைப்புக்கு ஈடுகட்டும் பணம் என்று எடுத்துக்கொண்டால் ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் தர முடியாது.

முதல் கோளாறு அறிக்கையில் இல்லை, அதை வாங்கிய நேரத்தில் இருக்கிறது. ஆளுநர் சாம் பிரவுன்பேக் வரி குறைப்பில் கையெழுத்திட்டது 2012இல். வருமான வரியின் உச்ச விகிதம் 6.45லிருந்து 4.9 சதவீதமாக இறங்கியது. தனிநபர் கணக்கில் வரும் தொழில் லாபத்துக்கு மாநில வருமான வரியே இல்லை என்றாயிற்று. 2014 நிதியாண்டில் வருவாய் சுமார் 70 கோடி டாலர் சரிந்தது. சிக்கன அறிக்கையின் 204 கோடியை ஐந்தால் வகுத்தால் ஆண்டுக்கு 41 கோடிகூட வராது. 105 பரிந்துரைகளையும் ஒன்றுவிடாமல் செய்து முடித்தாலும் பள்ளத்தில் பாதிக்குச் சற்று மேலே நிரம்பும், அவ்வளவுதான்.

இத்தகைய அறிக்கையைக் கையில் எடுத்தால் மொத்தத் தொகையை விட்டுவிட்டு ஆண்டுவாரி அட்டவணைக்குப் போக வேண்டும். முதலில், செலவுக் குறைப்பே அல்லாத இனங்களைக் கழியுங்கள். வருவாய்த் துறையில் காலியாக உள்ள தணிக்கை, வசூல் பணியிடங்களை நிரப்பினால் வரி பாக்கி வசூலாகும் என்பது இதில் ஒரு பெரிய பரிந்துரை. நல்ல யோசனைதான், ஆனால் அது கூடுதல் வசூல், சிக்கனம் அல்ல. (வரியைக் குறைத்த அரசுக்கு, வரி வசூலிக்க ஆள் எடு என்று காசு வாங்கிக்கொண்டு சொல்லியிருக்கிறார்கள்.)

அடுத்து, ஒருமுறை மட்டும் கிடைக்கும் பணம். உள்ளூர்ப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகளான பள்ளி மாவட்டங்களின் கையிருப்பை ஒரு வரம்புக்குள் கட்டுப்படுத்தச் சொல்கிறது அறிக்கை. மிச்சத்தை எடுத்துக்கொண்டால் அந்த ஆண்டுக்கு ஆயிற்று. அடுத்த ஆண்டு எடுக்க ஒன்றும் இருக்காது. நிரந்தரமான வரி குறைப்பை இதை வைத்து ஈடுகட்ட முடியாது.

மூன்றாவதுதான் பலரும் தவறவிடுவது: மிச்சமாகும் டாலர் எந்தக் கணக்கில் மிச்சமாகிறது? ஏழைகளுக்கான மெடிகெய்ட் மருத்துவத் திட்டத்தில் கன்சாஸில் 2016இல் டாலருக்குச் சுமார் 56 சென்ட் ஒன்றிய அரசின் பணம். அங்கே ஒரு டாலரை மிச்சப்படுத்தியிருந்தால் மாநிலக் கருவூலத்துக்கு 44 சென்ட்தான் மிஞ்சியிருக்கும். நெடுஞ்சாலைத் துறை தனி நிதியில் ஓடுகிறது. அங்கே மிச்சமாவது தானாகப் பொது நிதிக்கு வராது, சட்டம் போட்டு மாற்ற வேண்டும். கன்சாஸ் அப்படி மாற்றவும் செய்தது, சாலைப் பணிகள் தள்ளிப்போயின. பள்ளியில் மிச்சமாகும் பணமோ மாவட்டத்திடமே தங்கும். மாநிலம் அதைப் பார்க்க வேண்டுமானால் பள்ளி மானியத்தை வெட்ட வேண்டும்.

அதிகம் பேசப்பட்ட பரிந்துரை பள்ளி ஊழியர் மருத்துவக் காப்பீடு. அப்போது மாநிலத்தில் 286 பள்ளி மாவட்டங்கள் இருந்தன. எல்லோரையும் ஒரே திட்டத்தில் சேர்த்தால் ஆண்டுக்கு 8 கோடி டாலர் மிஞ்சும் என்றது அறிக்கை. இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: எதனால் மிஞ்சுகிறது? பேரம் பேசும் பலம் கூடி, நிர்வாகச் செலவு குறைந்து மிஞ்சினால் அது திறமை. ஊழியர் கையிலிருந்து கட்டும் தொகை ஏறி, சலுகை இறங்கி மிஞ்சினால், ஆசிரியர் தலையில் செலவை இறக்கி வைத்ததாகவே பொருள். சம்பளத்தோடு சேர்த்துப் பேசி முடித்த சலுகை குறைந்தால், அடுத்த பேச்சுவார்த்தையில் அது சம்பளக் கோரிக்கையாகத் திரும்பி வரும்.

தயங்காமல் செய்யக்கூடியது கொள்முதல். துறைதோறும் தனித்தனியாக வாங்குவதைத் தொகுத்து, பொருள்வாரியாக ஒரே ஒப்பந்தமாகப் போடுவது. இதிலும் ஒரு பொறி உண்டு. புது விலை ஒப்பந்தம் வந்த அன்றே அந்தத் துறையின் ஒதுக்கீட்டைக் குறைக்காவிட்டால், மிஞ்சிய பணத்தை ஆண்டு முடிவதற்குள் வேறு எதற்காவது செலவழித்துவிடுவார்கள். விலை குறைந்திருக்கும், பட்ஜெட் குறைந்திருக்காது.

விளைவு ஊரறிந்தது. அறிக்கை வருவதற்கு முன்பே, 2015இல், விற்பனை வரியை 6.15லிருந்து 6.5 சதவீதமாக ஏற்றியிருந்தார்கள். அப்போது மளிகைக்கும் அதே வரிதான். 2017 ஜூனில், ஆளுநரின் தடையையும் மீறி, வருமான வரி குறைப்பின் பெரும்பகுதியைச் சட்டமன்றமே திரும்பப் பெற்றது.

இதே வேலையை வெளி நிறுவனம் இல்லாமலும் செய்ய முடியும். டெக்சஸ் 1991இல் தலைமைக் கணக்கர் ஜான் ஷார்ப் தலைமையில், சொந்த ஊழியர்களையும் பிற துறைத் தணிக்கையாளர்களையும் வைத்தே செலவை ஆராய்ந்தது. அறிக்கை முடிந்த பிறகும் ஆட்கள் அங்கேயே இருந்தார்கள். பரிந்துரைகள் நடந்தேறினவா என்று பார்க்க முடிந்தது.

வெளியாரிடம்தான் வாங்குவது என்றால் ஒப்பந்தத்தில் இவற்றைக் கேளுங்கள்: ஒவ்வொரு பரிந்துரைக்கும் பொது நிதிக்கு வரும் பங்கு தனிப் பத்தியில், ஒருமுறைப் பணம், தொடர் பணம் என்ற பிரிப்பு, தேவைப்படும் சட்டத் திருத்தம், செய்து முடிக்க ஆகும் செலவு, கட்டணத்தில் ஒரு பகுதியை, இரண்டாம் ஆண்டுத் தணிக்கையில் சேமிப்பு உறுதியான பிறகே தருவது.