பெல்ட் மிஷின் அறுப்பு: சீட்டில் ஏறும் நிமிடம், வைக்கோலோடு போகும் நெல்

திருவாரூர் பக்கம் சம்பா, தாளடி அறுப்புக்குப் புரோக்கர் மூலம் வெளியூர் பெல்ட் மிஷின் (டயருக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் நெல் அறுவடை இயந்திரம்) பிடிப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

இந்த சம்பாவில் எங்கள் 10 மா (சுமார் மூன்றேகால் ஏக்கர்) வயலில் நடந்த கணக்கு இது. வெட்டத் தொடங்கும்போது என்ஜின் ஓடிய நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டர் 3412.6, முடித்தபோது 3416.0. வித்தியாசம் 3.4. டிரைவர் கொடுத்த சீட்டிலோ 3 மணி 40 நிமிடம். மீட்டரில் புள்ளிக்குப் பின்னால் வருவது நிமிடம் அல்ல, மணியில் பத்தில் ஒரு பங்கு. ஒரு எண் நகர்ந்தால் 6 நிமிடம். ஆக 3.4 என்பது 3 மணி 24 நிமிடம்தான். மணிக்கு 2,400 ரூபாய் பேச்சு, 16 நிமிடத்துக்கு 640 ரூபாய் அதிகம். கேட்டதற்கு, "எல்லா ஊர்லயும் இப்படித்தாங்க போடுறோம்" என்று பதில். அப்படியானால் எத்தனை வீட்டுப் பணம் போயிருக்கும்!

அந்த 3.4-லும் வெட்டாத நேரம் உண்டு. என்ஜின் ஓடினால் மீட்டர் ஓடும். லாரியிலிருந்து இறக்குவது, அடுத்த வயலுக்கு நகர்வது, டிராக்டருக்காகக் காத்து நிற்பது எல்லாம் ஏறும். இவற்றில் எது யார் கணக்கு என்று முன்கூட்டியே பேசுங்கள். டிராக்டர் நம் பொறுப்பு. இரண்டு டிரெய்லர் வரப்போரம் தயாராக நிற்கட்டும். வெட்டும் பட்டையின் முழு அகலத்துக்கும் பயிர் விழுகிறதா என்றும் பாருங்கள். மணிக் கூலியில் பாதி அகலத்தில் ஓட்டுவது பழைய வித்தை. ஏக்கர் கூலி பேசினால் நேர்மாறு: விரட்டி ஓட்டுவார்கள், அடிபடாத கதிர் வைக்கோலோடு வெளியே போகும்.

பெரிய நஷ்டம் உண்மையில் மிஷினுக்குப் பின்னால்தான். மிஷினில் நெல் சேரும் டேங்கில் நெல் சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று, பதரை ஊதித் தள்ளும் காற்றாடியைக் கூட்டி வைத்துவிடுகிறார்கள். பதரோடு முற்றிய மணியும் பறக்கிறது. முதல் சால் (ஒரு ஓட்டம்) முடிந்ததும் நிறுத்தச் சொல்லி, வைக்கோலை விலக்கி, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரத்தில் மணிகளை எண்ணுங்கள். வைக்கோல் விழுந்த இடத்தில் மட்டும் எண்ணினால் கணக்கு தப்பும். வெட்டிய அகலம் முழுக்க எண்ணிச் சராசரி எடுங்கள். வெட்டாத பயிருக்குள் தானாக உதிர்ந்து கிடப்பதை அதில் கழித்துவிடுங்கள். 1,000 மணி 20 கிராம் எடையுள்ள ரகத்தில் சதுர மீட்டருக்கு 500 மணி என்றால் 10 கிராம். ஏக்கருக்கு 40 கிலோ, கொள்முதல் நிலையக் கணக்கில் ஒரு சிப்பம் (மூட்டை) அப்படியே வயலில் கிடக்கிறது.

டேங்கிலிருந்தும் ஒரு கைப்பிடி அள்ளிப் பாருங்கள். உமி உரிந்த அரிசி தெரிந்தால் கதிரடிக்கும் டிரம்மின் வேகம் அதிகம், அல்லது அதன் அடியில் இடைவெளி குறைவு. வைக்கோல் துணுக்கும் பதரும் நிறைய இருந்தால் காற்று போதவில்லை, இல்லையென்றால் சல்லடை அடைத்திருக்கிறது. வைக்கோலில் மணி ஒட்டிய கதிர் இருந்தால் டிரம் சரியாக அடிக்கவில்லை. இவற்றைச் சரிசெய்ய அதிக நேரம் ஆகாது. டிரைவர் மறுத்தால் அந்த மிஷின் வேண்டாம்.

பனி காயாமல் இறங்க விடாதீர்கள். கொள்முதலில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். சில பருவங்களில் தளர்த்துவார்கள், அதை நம்பி அறுக்க முடியாது. காலை 6 மணிக்கே தொடங்க அவசரப்படுத்துவது அடுத்த வயலைப் பிடிக்கத்தான். களத்தில் காயப்போடும் கூலி நம் தலையில் விழும். முந்தைய வயலில் குண்டு ரகம் அறுத்த மிஷினென்றால், அந்த நெல் நம் நெல்லோடு கலக்காமல் இருக்க, நெல்லை டேங்குக்கு ஏற்றும் எலிவேட்டரின் அடிக்கதவைத் திறந்து வெறுமனே ஓடவிட்டுக் காலி செய்யச் சொல்லுங்கள். விதைநெல்லுக்கு இது கட்டாயம்.

டெல்டாவில் பருவத்துக்குப் பருவம் மாவட்ட நிர்வாகம் மணி வாடகையை அறிவிப்பதுண்டு. பேரம் பேசுமுன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறையின் மிஷினுக்கு உழவன் செயலியிலேயே பதியலாம், ஆனால் அறுப்பு உச்சத்தில் வரிசை நீளம். தனியார் மிஷின் என்றால் வண்டி எண், தொடக்க மீட்டர், முடிவு மீட்டர், பேசிய வாடகை, டிரைவர் கையெழுத்து ஐந்தும் சீட்டில் இருக்கட்டும், மீட்டரைக் கைபேசியில் படமும் எடுங்கள். படம் இருந்ததால் எங்கள் 640 ரூபாயைக் கழித்துக்கொண்டார்கள். சிந்திய நெல்லுக்கு ஒரு பைசா தரவில்லை.