கரண்ட் போன இரவில் நிலக்கரி பாய்லரை எது காப்பாற்றும்?

குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்க பாய்லர் வைத்திருப்பார்கள். கேஸ் பாய்லரில் கோளாறு வந்தால் வால்வு மூடிக்கொள்ளும், தீ அணைந்துவிடும். நிலக்கரி பாய்லரில் அப்படி அணைக்க முடியாது. மாலையில் அள்ளிப் போட்ட 20 கிலோ கரி, காற்று வரும் வழியை அடைத்தாலும் உள்ளே கனன்றுகொண்டேதான் இருக்கும். போலந்தின் சிலேசியாவிலும் அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் ஆந்த்ரசைட் (கடினமான நிலக்கரி வகை) சுரங்க ஊர்களிலும் இன்னும் பல வீடுகள் இந்தக் கனலை நம்பித்தான் குளிர்காலத்தைக் கடக்கின்றன. பாய்லரில் சூடாகும் தண்ணீரை ஒரு பம்ப் அறை அறையாக இருக்கும் ரேடியேட்டர்களுக்கு, அதாவது அறையைச் சூடாக்கும் இரும்புத் தகடுகளுக்குத் தள்ளுகிறது. பனிப்புயலில் மின்சாரம் போனால் பம்ப் நின்றுவிடும், தீ நிற்காது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். பாய்லருக்குள் 100 லிட்டர் தண்ணீர் 80 டிகிரியில் இருக்கிறது. தீ 20 கிலோவாட் வேகத்தில் எரிகிறது. பம்ப் நின்றால் அந்தத் தண்ணீர் 100 டிகிரியைத் தொட ஏழு நிமிடம் போதும். வீட்டுக்காரர் டார்ச் தேடி, செருப்பு மாட்டி, கீழ்த்தளத்துக்கு இறங்கும் நேரம்தான் அது. அதனால் இங்கே பாதுகாப்புக் கருவி எதுவானாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: மின்சாரமும் மனிதரும் இல்லாதபோது அது சூட்டை வெளியே எடுத்துப் போகுமா?

பிரஷர் ரிலீஃப் வால்வு எல்லா மூடிய பாய்லரிலும், அதாவது தண்ணீர் வெளிக்காற்றோடு தொடர்பில்லாத பாய்லரிலும், இருக்க வேண்டியது. அமெரிக்க வீடுகளில் வழக்கமாக 30 பிஎஸ்ஐ அழுத்தத்தில் திறக்கும். நம் வீட்டு பிரஷர் குக்கரின் சேஃப்டி வால்வு போலத்தான். ஆனால் இதை மட்டும் நம்பி இருப்பதில் எனக்குத் துளியும் உடன்பாடு இல்லை. 30 பிஎஸ்ஐ அழுத்தத்தில் தண்ணீர் 134 டிகிரி வரை கொதிக்காமல் சூடேறும். அந்த நிலையில் ஒரு வெல்டிங் விட்டுக்கொடுத்தால் தண்ணீரில் ஒரு பங்கு நொடியில் நீராவியாக மாறும். ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியானால் சுமார் 1,600 லிட்டர் இடம் கேட்கும். வீட்டுச் சுவரைத் தள்ள அது போதும். ரிலீஃப் வால்வு கடைசித் தடுப்பு, அவ்வளவுதான். அதற்கு முன்னால் வேறொன்று வேலை செய்திருக்க வேண்டும். அந்த இடத்துக்குத்தான் நான்கு போட்டியாளர்கள்.

போலந்தின் பழைய வழி, திறந்த தொட்டி. வீட்டின் உச்சியில் மூடாத ஒரு தொட்டி, பாய்லரிலிருந்து நேராக அதற்கு ஏறும் குழாய், நடுவே எந்த வால்வும் இல்லை. தண்ணீர் காற்றோடு தொடர்பில் இருப்பதால் அழுத்தம் சேரவே சேராது. தொட்டி ஐந்து மீட்டர் உயரத்தில் இருந்தால் பாய்லருக்குள் தண்ணீர் 111 டிகிரி வாக்கில் கொதித்து, மேலே பொங்கி வழியும். ரிப்பேர் ஆக ஒரு பாகம்கூட இல்லாத இந்த எளிமை எனக்குப் பிடித்தது. காற்றிலிருந்து ஆக்ஸிஜன் கலந்து இரும்பு துருப்பிடிக்கும், அது உண்மையான குறைதான். ஆனால் ஆளைக் கொல்லும் குறை வேறு. சூடில்லாத பரணில் தொட்டியை வைத்தால், மைனஸ் 15 டிகிரியில் குழாய்க்குள் பனிக்கட்டி அடைத்துக்கொள்ளும். திறந்த அமைப்பு யாருக்கும் தெரியாமல் மூடிய அமைப்பாகிவிடும், அதுவும் ரிலீஃப் வால்வே இல்லாமல். சில நாள் ஊருக்குப் போய்த் திரும்பி வந்து அப்படியே தீ மூட்டுவதைப் போல ஆபத்து வேறில்லை. தொட்டி சூடான அறைக்குள் இருக்க முடியுமானால் மட்டும் இந்த வழிக்கு நான் ஓட்டுப் போடுவேன்.

போலந்துச் சட்டம் 2009 முதல், சூட்டை வெளியேற்றும் கருவி இருந்தால் 300 கிலோவாட் வரையிலான திட எரிபொருள் பாய்லரை மூடிய அமைப்பிலும் பயன்படுத்த அனுமதித்தது. அங்கே வருவதுதான் வெப்ப வடிகால் வால்வு. பாய்லர் தண்ணீர் 95 டிகிரியைத் தாண்டியதும் இது தானாகத் திறக்கும். குளிர்ந்த குழாய்த் தண்ணீர் பாய்லருக்குள் இருக்கும் ஒரு சுருள் குழாய் வழியாக ஓடி, சூட்டை வாங்கிக்கொண்டு சாக்கடையில் போய்ச் சேரும். மின்சாரம் வேண்டாம். தண்ணீர் வரும்வரை களைக்காமல் வேலை செய்யும். கையால் கரி போடும் பெரிய பாய்லருக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது: தண்ணீர் நகராட்சிக் குழாயிலிருந்து வர வேண்டும். ஊருக்கு வெளியே போர்வெல் வைத்திருக்கும் வீட்டில் கரண்ட் போனால் மோட்டாரும் நின்றுவிடும். வால்வு சரியாகத் திறக்கும், வருவதற்குத் தண்ணீர்தான் இருக்காது. கருவி வாங்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டுவிடக் கூடாது.

பென்சில்வேனியாவில் அதிகம் பேசப்படுவது டம்ப் ஸோன். சூட்டைக் கொட்டுவதற்கென்றே பாய்லருக்கு மேலே ஒரு ரேடியேட்டர், அதன் குழாயில் ஒரு வால்வு. மின்சாரம் இருக்கும்வரை அந்த வால்வு மூடியிருக்கும். மின்சாரம் போனதும் ஸ்பிரிங் அதைத் திறந்துவிடும். சூடான தண்ணீர் இலேசானது, தானே மேலே ஏறும். ஆறிய தண்ணீர் கீழே இறங்கும். பம்ப் இல்லாமலே சுற்று ஓடும். மின்சாரம் இருக்கும்போதே தண்ணீர் எல்லை மீறினாலும், 93 டிகிரி வாக்கில் ஒரு அக்வாஸ்டாட் (தண்ணீரின் சூட்டைப் பார்த்து இயங்கும் சுவிட்ச்) அதே வால்வைத் திறக்கும்படி அமைக்கலாம். சொல்லும்போது எளிது, கெடுப்பதும் எளிது. குழாய் ஒல்லியாக இருந்தாலோ, வழியில் எங்காவது தாழ்ந்து ஏறிக் காற்று தேங்கினாலோ, யாராவது நல்லெண்ணத்தில் தண்ணீரை ஒரே திசையில் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு பொருத்தியிருந்தாலோ ஓட்டம் செத்துவிடும்.

கரியைத் தானாகத் தள்ளும் ஸ்டோக்கர் பாய்லருக்கு இது பொருத்தமாக இருக்கும். அதில் எந்த நேரத்திலும் எரிவது கொஞ்சம் கரிதான். கரண்ட் போனால் விசிறியும் நின்று தீ சுருங்கும். கையால் நிரப்பும் பாய்லருக்கு ரேடியேட்டரைப் பெரிதாக வைக்க வேண்டியிருக்கும்.

அப்புறம் யுபிஎஸ். 60 வாட் பம்பை 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி பாதி வடியும்வரை சுமார் பத்து மணி நேரம் ஓட்டும். வீடும் சூடாக இருக்கும், நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் பம்பே எரிந்துபோனால் பேட்டரியால் ஒன்றும் செய்ய முடியாது. வசதியாக அதை வைத்துக்கொள்ளுங்கள். காவலாக எண்ண வேண்டாம்.

தீயைக் கட்டுப்படுத்தும் பக்கத்திலும் இதே கதைதான். விசிறியும் எலக்ட்ரானிக் கன்ட்ரோலரும் சூட்டை நுணுக்கமாகப் பிடிக்கும். சங்கிலியால் காற்றுக் கதவை ஏற்றி இறக்கும் பழைய மெக்கானிக்கல் ரெகுலேட்டர் அவ்வளவு நுணுக்கமில்லை, ஆனால் இருட்டிலும் கதவை மூடும். கையால் கரி போடுகிறவருக்கு நான் சங்கிலியையே சொல்வேன். ஸ்டோக்கரில் தீ பின்னோக்கி நகர்ந்து கரித் தொட்டிக்குள் போகும் ஆபத்தும் உண்டு. போலந்தில் அதற்கு ‘ஸ்ட்ராஷாக்’, அதாவது தீயணைப்பு வீரர் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. ஒரு டப்பா தண்ணீர், மெழுகு அடைப்பு. சூடேறினால் மெழுகு உருகி, கரி வரும் வழியைத் தண்ணீர் நனைத்துவிடும். அதன் எளிமை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

கார்பன் மோனாக்ஸைடு அலாரத்துக்குப் போட்டியே இல்லை. ஆந்த்ரசைட் புகையில்லாமல் எரியும், அதனால் வாயு கசிந்தால் கண்ணும் மூக்கும் எச்சரிக்காது. பேட்டரியில் ஓடும் அலாரம் பாய்லர் இருக்கும் தளத்தில் ஒன்று, படுக்கையறைக்கு வெளியே ஒன்று. புதுக் கரி போடும்போது தணலை முழுக்க மூடாமல் ஒரு மூலையைச் சிவப்பாக விட வேண்டும். மூடிவிட்டால் வாயு சேர்ந்து, திடீரென்று பற்றி, கதவைத் திறந்துகொண்டு வெளியே அடிக்கும்.

சரி, நகரத் தண்ணீர் இருந்தால் வடிகால் வால்வு. போர்வெல் வீடு என்றால், கையால் கரி போடுகிறவருக்குச் சூடான அறைக்குள் திறந்த தொட்டி, ஸ்டோக்கருக்கு டம்ப் ஸோன். டம்ப் ஸோன் வைத்திருப்பவர்கள் அக்டோபரிலேயே ஒரு நாள் சிறிய தீ மூட்டி, தண்ணீர் 70 டிகிரி ஆனதும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மேலே உள்ள ரேடியேட்டர் குழாயில் கை வையுங்கள். சில நிமிடங்களில் சூடு வர வேண்டும். வரவில்லை என்றால், காற்றை வெளியேற்றி, அந்த வால்வு உண்மையிலேயே திறந்ததா என்று பார்த்த பிறகுதான் குளிர்காலத் தீயை மூட்ட வேண்டும்.