சித்தாள் காலில் 8-ம் நம்பர் ஷூ

போன மாதம் எங்கள் சைட்டில் பாதுகாப்புச் சாமான்கள் வந்து இறங்கின. ஹெல்மெட், ஒளிரும் ஜாக்கெட், ஷூ, கையுறை எல்லாமே ஆண்கள் அளவு. ஷூ மொத்தமும் 8, 9. மறுநாளே சித்தாள் அக்கா ஒருவர் ஷூவைக் கழற்றிச் செங்கல் அடுக்கின் மேல் வைத்துவிட்டு, பழையபடி ரப்பர் செருப்போடு கலவை சுமக்கக் கிளம்பினார். "உள்ள கால் நீச்சலடிக்குது மேடம், தலையில கலவைச் சட்டி, அந்தப் பாண்டோட படி ஏறினா விழுந்துருவேன்" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதன்பிறகு ஒவ்வொன்றிலும் எது ஒத்துவருகிறது, எது வரவில்லை என்று அவர்களிடமே கேட்டுப் பார்த்தேன்.

முதலில் ஷூ. நம் ஊர் ஷூ நம்பர் ஒன்று கூடினால் நீளம் சுமார் 8.5 மில்லிமீட்டர் கூடும். 4-ம் நம்பர் காலை 8-க்குள் விட்டால் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் சும்மா கிடக்கும், கால் மடங்கும் இடத்தில் ஷூ மடங்காது, குதிகால் தூக்கித் தூக்கி அடிக்கும், முனையில் இருக்கும் இரும்புத் தொப்பி விரல்களைச் சரியாக மூடாது. ரெண்டு சாக்ஸ் போட்டுக்கோ என்பார்கள். அது தொளதொளப்பைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். சித்திரை வெயிலில் யார் அதைப் போட்டுக்கொண்டு நிற்பது? ரப்பர் செருப்பில் படி ஏறலாம், ஆனால் காங்கிரீட்டைத் தாங்க அடித்த சென்ட்ரிங்கைப் பிரித்துப் போட்ட பலகையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி அதைத் துளைத்து உள்ளங்காலில் இறங்கிவிடும். அடியில் இரும்புத் தகடு வைத்த ஷூ, அவரவர் நம்பரில், இதற்கு மாற்றே இல்லை. காங்கிரீட் போடும் அன்று கம்பூட் என்னும் உயரமான ரப்பர் பூட், அதுவும் காலளவில். இல்லையென்றால் பூட் கலவையில் மாட்டிக்கொண்டு கால் மட்டும் வெளியே வரும்.

அடுத்தது கையுறை. இதைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. ஈர சிமெண்ட் கடும் காரம், காரத்தைக் காட்டும் பி.எச். அளவு 12-க்கு மேல் (வெறும் தண்ணீருக்கு 7). பின்னல் துணிக் கையுறை செங்கல் எடுக்க நல்லது, கலவைக்கு ஆகவே ஆகாது. ஈரத்தை உறிஞ்சித் தோலோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், அதற்கு வெறும் கையையாவது உடனே கழுவலாம். கலவைக்கு ரப்பர் அல்லது நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பர்தான். ஆனால் மொத்தமாக வாங்குவது 9, 10 அளவு, எங்கள் பெண்களில் பலருக்குக் கை 7. விரல் நுனியில் அரை அங்குலம் காலியாகத் தொங்குகிறது, கலவை மிஷின் பக்கத்தில் அது எதில் மாட்டும் என்று சொல்லவே முடியாது. விரலிடுக்கு வெடித்துப்போன கையை விரித்துக் காட்டி, "ராத்திரி புளி கரைக்கும்போது உசுரு போகுது" என்று ஒரு அக்கா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

ஹெல்மெட்டில் பொத்தான் மாட்டும் பட்டையைவிடப் பின்னால் திருகு வைத்தது நல்லது, கொஞ்சம்தான் விலை கூடுதல், கொண்டைக்குக் கீழே இறக்கி இறுக்கிக்கொள்ளலாம். ஆனால் அதன் மேல் சும்மாடும் நிற்காது, பாண்டும் நிற்காது. மேலே சாரத்தில் வேலை நடக்கும் இடத்தில் தலைச்சுமையை நிறுத்திவிட்டுத் தள்ளுவண்டி கொடுங்கள், ஹெல்மெட் தானாகத் தலையில் இருக்கும்.

ஜாக்கெட்டைக் கடைசியில் வாங்கினாலும் போதும். சேலைக்கு மேல் போடும் பழைய ஆண் சட்டை முந்தானையை அடக்கி வைக்கிறது, அந்த வேலையைத் தொளதொள ஜாக்கெட் செய்வதில்லை. ஆனால் லாரி ரிவர்ஸ் வரும் இடத்தில் ஒளிரும் பட்டை வேண்டும், அங்கே பக்கவாட்டில் இறுக்கும் வகை.

உயரத்தில் பெயிண்ட் அடிக்கும் பெண்களுக்கு விஷயம் வேறு. விழாமல் பிடிக்க உடம்பில் மாட்டும் பட்டைக் கவசம்தான் ஹார்னஸ், சேலைக்கு மேல் அதன் தொடைப் பட்டையைக் கட்டவே முடியாது, பேன்ட் கட்டாயம். பெரிய அளவு ஹார்னஸ் மாட்டி விழுந்தால் நெஞ்சுப் பட்டை கழுத்துக்கு ஏறிவிடும். உடுப்பில், ஒரே துண்டாக வரும் கவரால் வேண்டவே வேண்டாம். கழிப்பறை போக முழுதாகக் கழற்ற வேண்டும், அதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். பேன்ட், சட்டை தனித்தனியாக வாங்குங்கள்.

அமெரிக்காவில் கட்டுமானத் தொழிலாளியின் பாதுகாப்பு உடுப்பும் சாமானும் அவரவர் உடம்புக்குப் பொருந்த வேண்டும் என்று 2024 டிசம்பரில் விதி வெளியிட்டார்கள், 2025 ஜனவரி 13 முதல் அமலில் இருக்கிறது. இங்கே நான் செய்தது, சனிக்கிழமை சம்பள நேரத்தில் எல்லோர் காலையும் அட்டையில் வைத்துக் கோடு போட்டுக்கொண்டேன். தேவைப்பட்ட ஷூ 4-ல் ஐந்து ஜோடி, 5-ல் மூன்று, 3-ல் ஒன்று. கடைக்காரர் 6-லிருந்துதான் இருக்கிறது என்றார். வரவழைத்துக் கொடுங்கள், காத்திருக்கிறோம் என்று முன்பணம் கட்டியிருக்கிறேன்.