இரவுக் காட்சிகளுக்காகவே வாங்கலாம்: ‘தி கராத்தே கிட்’ 4கே தட்டு

1984இல் வந்த ‘தி கராத்தே கிட்’ படத்தை முதலில் டிவிடியிலும் பின்னர் ப்ளூ-ரேயிலும் வைத்திருந்தேன். 2019இல் வெளியான 35ஆம் ஆண்டுப் பதிப்பின், ப்ளூ-ரேயைவிடக் கூர்மையான படம் தரும் 4கே தட்டு கைக்கு வந்த பிறகு மற்ற இரண்டையும் எடுப்பதே இல்லை. வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: இரவுக் காட்சிகளுக்காகவே வாங்குங்கள்.

மாறுவேடமிடும் ஹாலோவீன் இரவில், எலும்புக்கூடு வேடமிட்ட ஐந்து கராத்தே மாணவர்கள் படத்தின் நாயகனான டேனியலைத் துரத்திப் பிடித்துக் கம்பி வேலியருகே அடிக்கிறார்கள். டிவிடியில் அது இருட்டுக்குள் அசையும் வெள்ளைக் கோடுகளாகத்தான் தெரிந்தது. இப்போது முகங்கள் தெரிகின்றன. அவர்களில் பாபி என்பவன், “போதும், விட்டுவிடு” என்று கும்பலின் தலைவனான ஜானியைத் தடுக்கிறான். இறுதிப் போட்டிக்கு முந்தைய ஆட்டத்தில் டேனியலை ஆட முடியாதபடி செய்யச் சொல்லி அவர்களுடைய ஆசான் கிரீஸ் கட்டளையிடுவது இதே பாபியிடம்தான். அவன் டேனியலின் முழங்காலில் உதைத்துவிட்டு, அடிபட்டுக் கிடப்பவனிடமே மன்னிப்புக் கேட்கிறான். இரண்டு காட்சிகளையும் சேர்த்துப் பார்க்கும்போது, இந்தப் படத்தில் வளரும் பையன் டேனியல் மட்டுமல்ல என்பது புரிகிறது. கடைசி ஆட்டத்தில் ஜானியின் கண்களில் ஒரு நொடி தோன்றும் தயக்கத்தையும் பாருங்கள். ஜானியாக நடித்த வில்லியம் சாப்காவுக்கு இது முதல் படம் என்பதை நம்பவே முடியவில்லை.

இன்னோர் இரவும் உண்டு. டேனியலுக்குக் கராத்தே கற்றுத்தரும் முதியவர் மியாகி, பழைய ராணுவ உடையில் குடித்துக்கொண்டிருக்கிறார். அவர் அமெரிக்க ராணுவத்தின் 442ஆம் படைப்பிரிவில் ஐரோப்பாவில் போரிட்ட நாட்களில், மான்சனார் முகாமில் அடைபட்டிருந்த அவர் மனைவி பிரசவத்தில் இறந்துபோனார். குழந்தையும் பிழைக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை இப்படி முகாம்களில் அடைத்துவைத்தது. மியாகியாக நடித்த பாட் மோரிடாவே சிறுவனாக முகாமில் இருந்தவர். அதற்கு முன் முதுகெலும்புக் காசநோயால் பல ஆண்டுகள் மருத்துவமனையில் கிடந்தவர். கதையோட்டத்தை நிறுத்துகிறது என்று தயாரிப்புத் தரப்பு இந்தக் காட்சியை வெட்டச் சொன்னது. இயக்குநர் ஜான் அவில்ட்சன் விட்டுக்கொடுக்கவில்லை. மோரிடாவுக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்ததற்கு இந்தச் சில நிமிடங்களே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சிறு வயதில் நான் வேகமாக ஓட்டிவிட்ட காட்சி இது. இப்போது படத்தைப் போடுவதே இதற்காகத்தான்.

மியாகி டேனியலைச் செய்யவைக்கும் வேலைகளான, காருக்கு மெழுகு தேய்ப்பதும் வேலிக்கு வண்ணம் பூசுவதும் தற்காப்பு அசைவுகளாக மாறும் இடத்தை எல்லோரும் அறிவார்கள். திரைக்கதை எழுதிய ராபர்ட் மார்க் கமென், ஜப்பானின் ஒகினாவாவில் தோன்றிய கோஜு-ரியூ என்ற கராத்தே மரபைப் பயின்றவர். மியாகி என்ற பெயரே அந்த மரபை நிறுவிய சோஜுன் மியாகியை நினைவூட்டுவது. சண்டைகளில் மோரிடாவுக்கு மாற்றாக வந்தவர் கராத்தே ஆசிரியர் ஃபுமியோ டெமுரா. அந்த அசைவுகளின் சுத்தம் பெரிய திரையில் நன்றாகவே தெரிகிறது.

படம் ஃபிலிமுக்கே உரிய துகள்களோடு இருக்கிறது. தேய்த்து மழுப்பாமல் விட்டதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஒலியில் பின்பக்க ஒலிபெருக்கிகளுக்கு அதிக வேலையில்லை. ஆனால் பில் கான்ட்டியின் இசையில் ஜாம்ஃபிர் வாசிக்கும் பான் குழல், கடற்கரைப் பயிற்சியில் அத்தனை துல்லியமாகக் கேட்கிறது. அலி என்ற பெண்ணுடனான டேனியலின் காதல் பகுதி இப்போதும் மெலிந்துதான் நிற்கிறது, எந்தத் தட்டாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

அவில்ட்சன், கமென், மோரிடா, டேனியலாக நடித்த ரால்ஃப் மாக்கியோ நால்வரும் படத்தோடு பேசிக்கொண்டே வரும் ஒலித்தடத்தைத் தவறவிடாதீர்கள். மோரிடா 2005இல் காலமானார், அவில்ட்சன் 2017இல். ஒரு நாட்டுத் தட்டு இன்னொரு நாட்டுக் கருவியில் ஓடாது என்ற மண்டலக் கட்டுப்பாடு 4கே தட்டுகளுக்கு இல்லை என்பதால் எந்த நாட்டுப் பதிப்பையும் தயங்காமல் வாங்கலாம்.