எதிர்வீட்டுக்காரருக்குப் பிடிக்காத மாளிகை: சிகாகோ கிளெஸ்னர் ஹவுஸ்

மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது மருமகன் கூட்டிப்போன இடம் இது, ப்ரெய்ரி அவென்யூவில் இருக்கிறது. ப்ரெய்ரி அவென்யூ என்பது 1880-களில் சிகாகோவின் பெரும் பணக்காரர்கள் வரிசையாக மாளிகை கட்டிக் குடியிருந்த தெரு. ரயில் பெட்டி செய்த ஜார்ஜ் புல்மன், கடை முதலாளி மார்ஷல் ஃபீல்ட், இறைச்சி வியாபாரி ஃபிலிப் ஆர்மர் எல்லோரும் இங்கேதான். அந்த மாளிகைகளில் பெரும்பாலானவற்றை இடித்துவிட்டார்கள்.

முப்பது வருடம் கட்டட சைட்டில் நின்றவன் நான். வீடு கட்டுகிறவர் எலிவேஷனில், அதாவது தெருவைப் பார்த்த முகப்பில்தான் காசைக் கொட்டுவார். விவசாயக் கருவி செய்து சம்பாதித்த ஜான் கிளெஸ்னர் அப்படிச் செய்யவில்லை. தெருப்பக்கம் வெறும் சொரசொரப்புக் கருங்கல். பக்கத்தில் போய் மூட்டுகளை விரலால் தடவிப் பார்த்தேன், மட்டம் பிசகவில்லை. ஆனாலும் தள்ளி நின்று பார்த்தால் சப்-ஜெயில் மாதிரிதான் இருக்கிறது. வாசலைத் திறந்தால் இதுவா என் முகத்தில் முழிக்க வேண்டும், நான் என்ன செய்தேன் என்று எதிர் மூலை புல்மன் புலம்பினாராம். அவரைக் குறை சொல்ல முடியாது.

உள்ளே போனால்தான் விஷயம் புரிகிறது. கதவு தெரு மட்டத்தில். படிகள் வீட்டுக்குள்ளே, அகலமாக, தேக்கு நிறத்தில் மரப்பலகை பதித்த கூடத்துக்கு ஏறுகின்றன. குடும்பம் புழங்கும் அறைகளெல்லாம் தெற்கே முற்றத்தைப் பார்த்து, வெயிலும் வெளிச்சமுமாக. வடக்கில் நீளமாக ஒரு நடை, அதாவது உள்வழி, அதில் வேலைக்காரர்கள் போய்வருவார்கள். குளிர்காற்றும் தெருச் சத்தமும் அந்த நடையோடு நின்றுவிடும். பிளானாகப் பார்த்தால் அற்புதம். குளிருக்குக் குறுக்கே வேலைக்காரர்களை நிறுத்திவிட்டார்கள் என்றும் சொல்லலாம்.

ஆர்கிடெக்ட் ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன் 1886 ஏப்ரலில் காலமாகிவிட்டார். வீடு முடிந்தது 1887-ல். தான் வரைந்த முற்றத்தில் அவர் நின்று பார்க்கவில்லை என்பது எனக்குச் சங்கடமாக இருந்தது.

இங்கிலாந்து வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸின் வால்பேப்பர், கம்பளம், பியானோ எல்லாம் இருக்கின்றன. அவை மகளுக்குப் பிடித்தன. நான் நூலக அறையின் பெரிய மேசையருகே நின்றதில் கூட்டம் அடுத்த அறைக்குப் போய்விட்டது.

வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடியும், ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றபடியேதான். முழங்கால் வலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். அப்புறம், உள்ளே போகுமுன் வீட்டுக்கு வடக்கே இருக்கும் பதினெட்டாம் தெருப் பக்கம் ஒரு நடை நடந்துவிடுங்கள். அந்தச் சின்ன ஜன்னல்களுக்குப் பின்னால்தான் நான் சொன்ன நடை ஓடுகிறது.