இரண்டாவது சிம்: சில வருட அனுபவம்

என் போனில் இரண்டு சிம். முதலாவது ஆதார், வங்கி, வருமான வரி, வீட்டார், நண்பர்களுக்கு. இரண்டாவது மற்ற எல்லாருக்கும்: ஜவுளிக்கடை பில் கவுண்டர், சாப்பாட்டு டெலிவரி, வாடகை வீடு தேடும் தளம், ஏசி சர்வீஸ்காரர். சில வருடங்களாக இப்படித்தான் ஓடுகிறது.

தொல்லை அழைப்புகள் முதல் எண்ணுக்குக் குறைந்தன, சரி. ஆனால் அது ஏற்கெனவே ஊரெல்லாம் போய்விட்ட எண். அழைப்பவர் பெயரைக் காட்டும் ட்ரூகாலர் செயலியிலும், பிறர் போனில் பதிந்திருக்கும் பெயரோடு இருக்கிறது. புது சிம் வாங்கியதால் பழைய கசிவு அடைபடாது.

எனக்குப் பெரிய லாபமாகப் படுவது வேறு. யுபிஐ செயலியில் ஒரு எண்ணைத் தட்டிப் பாருங்கள். அந்த எண்ணில் யுபிஐ இருந்தால் வங்கிக் கணக்கில் உள்ள பெயர் பெரும்பாலும் அப்படியே வந்து நிற்கும். பழைய சைக்கிளை விற்க முதல் எண்ணைப் போட்டு விளம்பரம் கொடுத்தால், அதைப் பார்க்கிற யாருக்கும் என் பெயர் தெரிந்துவிடும். இரண்டாவது எண்ணில் வங்கியும் இல்லை, யுபிஐயும் இல்லை. தட்டினால் ஒன்றும் வராது. அதோடு, "உங்கள் கணக்கு முடக்கப்படும், உடனே கேஒய்சி புதுப்பிக்கவும்" என்று அந்த எண்ணுக்குச் செய்தி வந்தால் யோசிக்கவே வேண்டியதில்லை. என் வங்கிக்கு அந்த எண்ணே தெரியாது!

ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப்பில் 2023 அக்டோபரிலிருந்து ஒரே செயலியில் இரண்டு கணக்கு வைக்கலாம் என்று வந்தது பெரிய வசதி. இரண்டாவதில் படம் கிடையாது, பெயர் ஓர் எழுத்துதான். குடியிருப்போர் குழுவுக்கு எந்த எண் என்று கொஞ்சம் குழம்பினேன். குழுவில் இருக்கிற பாதிப் பேரை நேரில் பார்த்ததில்லை, அதனால் இரண்டாவதுதான்.

செலவுதான் உறுத்தல். 2024 ஜூலையில் கட்டணம் ஏறியபின் சும்மா கிடக்கிற சிம்மையும் உயிரோடு வைப்பது சுமை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி ப்ரீபெய்டு எண்ணை 90 நாள் பயன்படுத்தாமல் இருந்தால்தான் துண்டிக்கலாம். கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு இன்னும் 30 நாள் தர வேண்டும். ஆனால் பேக் முடிந்தபின் ஓடிபி வரும் என்று நம்பி எதையும் செய்ய முடியாது. டேட்டா இல்லாமல் அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் பேக் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதி கொண்டுவந்தது. இரண்டாவது சிம்முக்கு அந்த வகைதான் கட்டுப்படியாகும்.

ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடலாமே என்றால், அங்கேதான் ஆபத்து. கைவிட்ட எண் பிறகு வேறொருவருக்குப் போய்விடும். உங்கள் டெலிவரி கணக்கு அந்த எண்ணில் இருந்தால் ஓடிபி அவருக்குப் போகும். உள்ளே உங்கள் வீட்டு முகவரி இருக்கும். விடுவதாக இருந்தால் ஒவ்வொரு கணக்கிலும் எண்ணை மாற்றிவிட்டு விடுங்கள்.

சிம் இல்லாமலே எண் தரும் இலவச மெய்நிகர் எண் செயலிகளை நான் தொடவில்லை. ஒரே எண்ணைப் பலர் பங்கிடும் இடத்தில் ஓடிபி வாங்குவது தெருவில் நின்று ஏடிஎம் பின் நம்பரைக் கத்துவது மாதிரி. வேறொருவர் பெயரில் சிம் வாங்குவதும் கூடாது. உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம்.

கடைகளில் எண்ணே கொடுக்காமல் இருப்பது இதைவிட நல்லது. வாடிக்கையாளரிடம் எண் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை சொல்லிவிட்டது. "வேண்டாங்க" என்றால் பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள். சில இடங்களில் எண் போடாமல் பில் நகராது என்கிறார்கள், அப்போது இரண்டாவது எண்.

தங்கைக்கு வரன் தேடியபோதும் அதைத்தான் கொடுத்தோம். கல்யாணம் முடிந்து குழந்தையும் பிறந்தாச்சு. "வரன் அமைஞ்சிருச்சா சார்?" என்று இன்னும் யாராவது கூப்பிடுகிறார்கள்.